அலெக்சாண்டரின் கையைப் பெட்டிக்குள் எடுத்து வையுங்கள்: மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டிமன்ற நடுவர்களுக்கும், இரு பக்க அணிகளுக்கும், தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கும், பள்ளி ஆண்டு விழாக்களுக்குச் சிறப்பு விருந்தினராக வந்து போகும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் ரசிகன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் யாரோ பொறாமையில் எழுதியது என்று மடித்து வைத்துவிடுவீர்கள். கோயில் திருவிழாவில் இரவு ஒரு மணி வரை மணலில் உட்கார்ந்து பட்டிமன்றம் கேட்டவன் நான். பொங்கல் காலையில் கரும்பைக் கடித்துக்கொண்டே தொலைக்காட்சியில் உங்களைப் பார்த்தவன். அப்புறம், முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இந்த மடலை அந்த வாத்தியார்தான் எழுதுகிறார். ரசிகர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறார்.

விஷயம் அலெக்சாண்டரைப் பற்றியது. அவனுடைய மூன்று கடைசி ஆசைகளைப் பற்றியது.

நீங்கள் சொல்லும் கதை எனக்கு மனப்பாடம். உலகத்தையே வென்ற மாவீரன் தாய்நாடு திரும்பும் வழியில் நோயில் விழுகிறான். தளபதிகளை அழைத்து மூன்று ஆசைகளைச் சொல்கிறான். ஒன்று, என் சவப்பெட்டியை வைத்தியர்களே சுமக்க வேண்டும். எந்த வைத்தியனாலும் சாவைத் தடுக்க முடியாதென்று ஊர் அறியட்டும். இரண்டு, இடுகாடு வரை வழியெல்லாம் என் பொன்னையும் மணியையும் இறைக்க வேண்டும். தேடிய செல்வம் கூட வராதென்று தெரியட்டும். மூன்று, இந்த இடத்தில் நீங்கள் ஒரு நொடி நிறுத்துவீர்கள், பிறகு குரலைத் தாழ்த்துவீர்கள், "என் இரண்டு கைகளும் பெட்டிக்கு வெளியே தொங்கட்டும்." வெறுங்கையோடு வந்தோம், வெறுங்கையோடு போகிறோம். கைதட்டல்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு விருந்தினர் இதை அரை மணி நேரம் சொன்னார். அருமையாகச் சொன்னார். பின்வரிசையில் இருந்த சமையல்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அடுத்த மாதம் வகுப்புத் தேர்வில் அலெக்சாண்டரின் இறுதி நாட்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் மூன்று ஆசைகள், வரிசை எண்ணோடு. நன்றாகப் படிக்கிற ஒரு பெண் அதை அடிக்கோடு வேறு போட்டு எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பூஜ்யம் போட்டேன். தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "சார், புத்தகத்துல ரெண்டு வரிதான் இருக்கு. அவர் அரை மணி நேரம் சொன்னாரே."

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

அலெக்சாண்டரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஐந்து பேர் வழியாக வந்தது: டயோடோரஸ், கர்ட்டியஸ், புளூடார்க், அர்ரியன், ஜஸ்டின். ஐந்து பேருமே அவன் செத்து ஏறத்தாழ முந்நூறு வருடமோ அதற்கு மேலோ கழிந்து எழுதியவர்கள். அவனோடு கூடவே நடந்த தாலமி, அரிஸ்டோபுலஸ், நியார்க்கஸ் போன்றவர்களும் எழுதினார்கள். அந்த நூல்கள் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் இந்த ஐந்து பேரும் அவற்றையோ அவற்றை ஒட்டி வந்த நூல்களையோ படித்து, எடுத்தாண்டு எழுதினார்கள். இவர்கள் ஒருவரோடொருவர் எத்தனையோ இடத்தில் முரண்படுகிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: அந்த மூன்று ஆசைகள் எதிலும் இல்லை. ஒன்றுகூட இல்லை. அவை பல நூற்றாண்டுகள் கழித்து முளைத்த கதை.

நடந்ததாக அவர்கள் எழுதுவது வேறு. முதலில், அவன் தாய்நாடு திரும்பிக்கொண்டிருக்கவில்லை. கி.மு. 334இல் மக்கெதோனியாவை விட்டுக் கிளம்பியவன் திரும்பிப் போகவே இல்லை. போகும் எண்ணமும் தெரியவில்லை. கி.மு. 323 கோடையில் பாபிலோனில் உட்கார்ந்து அரேபியாவைச் சுற்றிக் கப்பல் விட ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். நண்பன் மீடியஸ் வீட்டில் இரவு நெடுநேரம் குடித்துவிட்டு வந்தான், காய்ச்சல் கண்டது. அரண்மனை நாட்குறிப்பு என்று சொல்லி புளூடார்க்கும் அர்ரியனும் அந்த நாட்களை எடுத்துத் தருகிறார்கள். படிக்கப் படிக்க ஒரு மருத்துவமனைச் சீட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கும். குளித்தான். பலி கொடுத்தான். பகடை ஆடினான். காய்ச்சல் குறையவில்லை. கடற்பயணத்துக்கு எந்தப் படை எந்த நாளில் கிளம்ப வேண்டும் என்று தளபதிகளுக்கு உத்தரவு சொன்னான். மறுநாளும் காய்ச்சல். மறுநாளும் உத்தரவு. அப்புறம் பேச்சு நின்றுவிட்டது.

அரசன் செத்துவிட்டான், மறைக்கிறார்கள் என்று படைவீரர்களுக்குச் சந்தேகம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வரிசையாகக் கட்டிலைக் கடந்து போனார்கள். அவனால் பேச முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் தலையைச் சிரமப்பட்டு லேசாகத் தூக்கி, கண்ணால் சைகை காட்டினான் என்று அர்ரியன் எழுதுகிறார்.

ஐயா, அம்மா, மேடைக்காரர்களே, இதைவிட உங்களுக்கு என்ன வேண்டும்? பத்து வருடத்துக்கு மேலாக, கிரேக்கத்திலிருந்து பஞ்சாப் வரைக்கும் தன் பின்னால் நடக்க வைத்த ஆட்களை அவன் கடைசியாகக் கண்ணால் வழியனுப்புகிறான். இதை விட்டுவிட்டு, பேச்சு நின்றுபோன மனிதன் வாயில் மூன்று அம்சத் திட்டத்தை வைத்துப் பேச விடுகிறீர்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். "அரசு யாருக்கு?" என்று கேட்டபோது "வலிமை மிக்கவனுக்கு" என்று சொன்னதாக ஒரு செய்தி பழைய நூல்களிலேயே உண்டு. அர்ரியனும் அதைக் குறிக்கிறார், சிலர் இப்படியும் எழுதியிருக்கிறார்கள் என்ற அளவில். மோதிரத்தைக் கழற்றித் தளபதி பெர்டிக்காஸிடம் கொடுத்தான் என்றும் உண்டு. வேண்டுமானால் இவற்றைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் விட அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட சாட்சி ஒன்றும் இருக்கிறது: பாபிலோனின் கோயில் வானியலாளர்கள் தினமும் களிமண் பலகையில் வானத்தையும் ஆற்று நீர்மட்டத்தையும் வாற்கோதுமை விலையையும் குறித்து வைப்பவர்கள். அவர்களுடைய குறிப்பில், இன்றைய கணக்குக்கு ஜூன் 11, "அரசன் இறந்தான்" என்று ஒரே வரி. அதன் பக்கத்தில் மேகத்தைப் பற்றிய குறிப்பு. முடிந்தது. அந்தப் பலகை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது முப்பத்து மூன்றுகூட நிரம்பவில்லை.

சரி, கடைசி ஆசை என்று ஒன்றுமே கிடையாதா? உண்டு. அதுவும் எழுத்தில். அதைத்தான் நீங்கள் கோட்டை விட்டுவிட்டீர்கள்.

அவன் செத்த பிறகு பெர்டிக்காஸ், அரசன் எழுதி வைத்த திட்டங்கள் என்று ஒரு பட்டியலைப் படைக்கு முன்னால் வாசிக்கிறான். டயோடோரஸ் அதைத் தருகிறார். வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜைப் பிடிக்க, சாதாரணப் போர்க்கப்பலைவிடப் பெரிதாக ஆயிரம் கப்பல்கள் கட்ட வேண்டும். வட ஆப்பிரிக்கக் கரையோரமாக ஜிப்ரால்டர் முனை வரை சாலை போட வேண்டும். ஆறு கோயில்கள், ஒவ்வொன்றுக்கும் 1,500 தாலந்து. ஆசியாவின் மக்களை ஐரோப்பாவிலும் ஐரோப்பாவின் மக்களை ஆசியாவிலும் கொண்டுபோய்க் குடியேற்றி, பெண் கொடுத்துப் பெண் எடுக்க வைக்க வேண்டும். அப்பா பிலிப்புக்கு எகிப்தின் மிகப் பெரிய பிரமிடுக்கு நிகராக ஒரு கல்லறை. இந்தப் பட்டியல் உண்மைதானா, பெர்டிக்காஸ் கை வைத்தானா என்று சந்தேகப்படும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் வாசித்துக் கேட்ட படைவீரர்கள் செய்ததைப் பாருங்கள். அரசன் மேல் மதிப்பு இருந்தாலும், இதெல்லாம் ஆகாத காரியம் என்று தள்ளிவிட்டார்கள்.

சாகிற நேரத்தில் ஞானம் பெற்றவன் தெரிகிறானா இதில்? எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஆயிரம் கப்பல் கேட்கிறவன்தான் தெரிகிறான். நீங்கள் அவனுக்குக் கொடுத்த ஞானத்தை அவன் வாங்கிக்கொள்ளவே இல்லை.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம்.

பெட்டி பொன்னால் செய்யப்பட்டது. உள்ளே வாசனைப் பொருட்கள். மேலே பொன் மூடி, அதன் மேல் பொன் பூவேலை செய்த கருஞ்சிவப்பு ஆடை, பக்கத்தில் அவனுடைய ஆயுதங்கள். இதை வைக்க ஒரு தேர். தேருக்குப் பொன் தூண்கள், மணிகள் பதித்த பொன் ஓடு வேய்ந்த கூரை. மூலைகளில் வெற்றித் தேவதைகள். இழுக்க 64 கோவேறு கழுதைகள், ஒவ்வொன்றுக்கும் தலையில் பொன் முலாம் பூசிய கிரீடம், இரண்டு கன்னத்திலும் பொன் மணி. தேர் வருகிறது என்பது நெடுந்தூரத்துக்கு முன்பே காதில் விழுந்திருக்கும். கட்டி முடிக்கவே ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. வழிநெடுக ஊர் ஊராக மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள் என்கிறார் டயோடோரஸ். நம் ஊர்த் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

ஆக, பொன்னை வழியில் இறைக்கவில்லை. அவனைப் பொன்னுக்குள் வைத்து மூடினார்கள். கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கவும் இல்லை.

அதற்கப்புறம்தான் கதையே சூடு பிடிக்கிறது. தேர் சிரியா வந்தபோது எகிப்தைக் கையில் வைத்திருந்த தாலமி படையோடு வந்து எதிர்கொண்டான். மரியாதை செய்ய வந்தவன்போல வந்து, உடலையே எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டான். அலெக்சாண்டரின் உடல் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் வாரிசு என்பது அன்றைய கணக்கு. முதலில் மெம்பிஸ், பிறகு அலெக்சாந்திரியா. கோபத்தில் படையெடுத்த பெர்டிக்காஸ் நைல் ஆற்றைக் கடக்க முடியாமல் ஆட்களைப் பறிகொடுத்து, கடைசியில் சொந்த அதிகாரிகள் கையாலேயே செத்தான். அவன் வம்சத்தில் பின்னால் வந்த ஒரு தாலமி, பொன் பெட்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியில் மாற்றிவைத்தான் என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். ஆம், பெட்டியும் களவு போனது. ரோமிலிருந்து ஒக்டாவியன் வந்து மலர் தூவிப் பார்த்தான். தொட்டபோது மூக்கில் ஒரு துண்டு உடைந்துவிட்டதாக ஒரு பேச்சு. பக்கத்தில் தாலமிகளின் உடல்களையும் காட்டட்டுமா என்றார்களாம். நான் அரசனைப் பார்க்க வந்தேன், பிணங்களைப் பார்க்க அல்ல என்று சொல்லிவிட்டானாம். ரோமப் பேரரசன் கலிகுலா மார்புக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் கிறிசோஸ்தம் என்ற பாதிரியார் மேடையேறிக் கேட்கிறார்: அலெக்சாண்டரின் கல்லறை எங்கே, காட்டுங்கள் பார்ப்போம். அன்றிலிருந்து இன்று வரை யாராலும் காட்ட முடியவில்லை.

உலகத்தைக் கொள்ளையடித்தவனின் உடலே கொள்ளைப் பொருளாகிவிட்டது. நிலையாமை பேச வேண்டுமானால், வெறுங்கையைவிட இந்தத் திருட்டுப் பிணம் நன்றாகப் பேசும்.

வைத்தியர் கதையும் வேண்டுமென்றால், நல்லதாகவே ஒன்று இருக்கிறது. கி.மு. 333, தார்சு நகரம். பைபிளில் பவுலின் ஊர் என்று வருமே, அதே ஊர். குளிர்ந்த ஆற்றில் குளித்து அலெக்சாண்டருக்குக் கடும் காய்ச்சல். மற்ற வைத்தியர்கள் பயந்து ஒதுங்க, பிலிப் என்ற வைத்தியர் மருந்து கலக்குகிறார். அந்த நேரத்தில் தளபதி பார்மேனியோனிடமிருந்து கடிதம் வருகிறது: பிலிப்பைப் பாரசீக அரசன் தாரியஸ் விலைக்கு வாங்கிவிட்டான், மருந்தில் விஷம். அலெக்சாண்டர் ஒரு கையால் கடிதத்தை வைத்தியரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, மறு கையால் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிடுகிறான். பிழைத்துக்கொண்டான். வைத்தியர் ஐந்து நூல்களிலும் வருகிறார், கடிதம் டயோடோரஸ் நீங்கலாக நான்கில் இருக்கிறது. ஒன்பது வருடம் கழித்து உயிர் நண்பன் ஹெபைஸ்தியோன் காய்ச்சலில் செத்தபோது, பார்த்த வைத்தியரைக் கொன்றுவிட்டான் என்பதும் இருக்கிறது. அதே மனிதன். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், அரங்கம் ஊசி விழுந்தால் கேட்கும்.

மூன்றாவது ஆசையின் கருத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான வருத்தம். ஏனென்றால் அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து பிடுங்கி அலெக்சாண்டருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

தட்சசீலப் பக்கம் ஆடையில்லாத துறவிகள் சிலர் புல்வெளியில் கூடியிருந்தார்கள். அலெக்சாண்டரும் படையும் வருவதைப் பார்த்ததும் அவர்கள் ஒன்றுமே செய்யாமல், தாம் நின்ற தரையைக் காலால் ஓங்கி ஓங்கி மிதித்தார்கள். என்ன அர்த்தம் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டான். அவர்கள் சொன்னதன் சாரம் இது: "ராஜாவே, ஒவ்வொரு மனிதனுக்கும் தான் நிற்கிற இந்தத் துண்டு மண்தான் சொந்தம். நீயும் எங்களைப்போல மனிதன்தான். ஆனால் ஊரை விட்டு இவ்வளவு தூரம் அலைந்து, உனக்கும் தொல்லை, ஊராருக்கும் தொல்லை. சீக்கிரம் செத்துப்போவாய். அப்போது உன்னைப் புதைக்கிற அளவு மண்தான் உனக்கு." அர்ரியன் எழுதியிருக்கிறார். நம் ஊரில் ஆறடி நிலம் என்கிறோமே, அதுதான். அலெக்சாண்டர் அவர்களைப் பாராட்டினான், ஆனால் பாராட்டியதற்கு நேர்மாறாகத்தான் நடந்தான் என்று அர்ரியனே சேர்த்து எழுதுகிறார். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சாகும்போது அவன் சொன்ன தத்துவமாக நீங்கள் சொல்வது, அவன் உயிரோடு படையோடு நிற்கும்போது அவன் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. சொன்னவர்களிடம் வாளும் இல்லை, வேட்டியும் இல்லை. எது பெரிய தைரியம்?

அவர்களில் ஒருவர் கூடவே கிளம்பினார். எதிர்ப்படுவோரை "கலே" என்று வாழ்த்தியதால் கிரேக்கர்கள் கலானோஸ் என்று அழைத்தார்கள். அவர் காய்ந்த தோல் ஒன்றைத் தரையில் போட்டு, ஓரத்தை மிதித்துக் காட்டினாராம். ஒரு பக்கம் அமுங்கினால் இன்னொரு பக்கம் எழும்பியது. நடுவில் நின்றார், முழுத் தோலும் படிந்தது. ராஜ்யத்தின் ஓரங்களில் சுற்றாதே, நடுவில் இரு என்று பொருள். பாரசீகத்தில் உடல்நலம் கெட்டபோது கலானோஸ் தானே சிதையேறினார். எல்லாரிடமும் விடைபெற்றவர் அலெக்சாண்டரிடம் மட்டும் பாபிலோனில் சந்திப்போம் என்றாராம். இதெல்லாம் கதை கலந்ததாகவே இருக்கட்டும். ஆனால் ஈராயிரம் வருடப் பழைய கதை, நூலில் இருக்கிற கதை.

உங்கள் மேல் எனக்கு இன்னொரு குறை. தன்னம்பிக்கை மேடையில் அலெக்சாண்டர் எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறான். தன் நிழலைப் பார்த்து மிரண்ட குதிரையை வெயிலுக்கு நேரே திருப்பி அடக்கிய சிறுவன். "முடியாது என்ற சொல்லே கிடையாது." குதிரைக் கதை புளூடார்க்கில் இருக்கிறது, சந்தோஷமாகச் சொல்லுங்கள். ஆனால் கி.மு. 335இல் கிரேக்கத்தின் தீப்ஸ் நகரத்தைத் தரைமட்டமாக்கி முப்பதாயிரம் பேரை அடிமையாக விற்றதையும், ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு பைபிளில் தீரு என்று வரும் நகரத்தின் கரையோரம் இரண்டாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்ததையும் ஒரு வரி சொன்னால் என்ன? தீரு அப்போது தீவு. அதைப் பிடிக்கக் கடலில் கல்லும் மரமும் கொட்டிப் பாதை போட்டான். அந்தப் பாதையில் மணல் சேர்ந்து சேர்ந்து இன்று அது தீவே இல்லை. நில வரைபடத்தை மாற்றிய முற்றுகை அது. விடாமுயற்சிக்கு உதாரணம் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சிலுவையை அவர் சொல்லவில்லை.

"உலகையே வென்றவன்" என்பதையும் கொஞ்சம் தளர்த்தலாம். கி.மு. 326இல் பியாஸ் ஆற்றங்கரையில் அவனை நிறுத்தியது எதிரி இல்லை, சொந்தப் படை. எழுபது நாள் மழை, அழுகிய துணி, எட்டு வருட நடை. கோய்னஸ் என்ற மூத்த தளபதி எழுந்து, போதும் என்ற பொருளில் பேசினார். அலெக்சாண்டர் மூன்று நாள் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை. யாரும் சமாதானம் செய்ய வரவில்லை. கடைசியில் சகுனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு பலிபீடம் கட்டிவிட்டுத் திரும்பினான். "முடியாது" என்ற சொல் அவன் அகராதியில் இல்லாமல் இருக்கலாம். அவன் ஆட்களின் அகராதியில் இருந்தது.

பஞ்சாபில் அவனோடு போரிட்ட அரசன் போரஸின் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. "அரசனைப்போல நடத்து" என்ற பதில் பழைய நூல்களிலேயே இருக்கிறது. ஆனால் உண்மையில் போரஸ்தான் ஜெயித்தான், கிரேக்கர்கள் மறைத்துவிட்டார்கள் என்று இப்போது சிலர் ஆரம்பித்திருக்கிறார்கள். தயவுசெய்து அதையும் மேடைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். ஒரு மூன்று ஆசைக்கே நான் இத்தனை வருடம் சிவப்பு மை செலவழித்திருக்கிறேன்.

கற்பனையே கூடாது என்று சொல்கிறேனோ என்று நினைக்க வேண்டாம். அலெக்சாண்டர் விட்டுப்போனதில் பெரிய பங்கு கற்பனைதான். எங்கள் பள்ளியில் ஒரு வருடம் ஒரே பெஞ்சில் அலெக்சும் சிக்கந்தரும் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு பேர் பெயரும் ஒன்றுதான்டா என்றேன், சிரித்தார்கள். அலெக்சாந்தர் அரபிக்குப் போனபோது முன்னால் இருந்த "அல்" அவர்கள் மொழியின் சுட்டுச்சொல்போலத் தோன்றியது. அதைத் தனியே பிரித்தார்கள், இஸ்கந்தர் மிஞ்சினான். இஸ்கந்தர் சிக்கந்தரானான். அலெக்சாந்திரியா அரபியில் இஸ்கந்தரிய்யா.

பாரசீகத்தை எரித்தவனைப் பாரசீகர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். ஜரதுஷ்டிர சமய நூல்களில் அவன் "சபிக்கப்பட்டவன்", வேதத்தை எரித்த பாவி. கி.பி. 1010இல் முடிந்த ஃபிர்தவ்சியின் பாரசீகக் காவியமான ஷாநாமாவிலோ அவன் பாரசீக ராஜாவுக்கே பிறந்தவன், தாராவின் (அதாவது தாரியஸின்) அண்ணன் தம்பி முறை. தோற்றவர்கள் வென்றவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டார்கள். இன்னும் கிழக்கே, மலாக்கா அரச மரபைச் சொல்லும் செஜாரா மெலாயுவில் ராஜா சூரான் என்று ஒருவன். இஸ்கந்தரின் வழி வந்தவன், கலிங்க நாட்டான், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலடிக்குப் போகிறான். கடலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் இறங்குவது மேற்கே அலெக்சாண்டரைப் பற்றிச் சொல்லப்பட்ட கதை. அந்த நூலில் வரும் ராஜா சூலான், ராஜா சூரான் என்ற பெயர்களில் நம் சோழர்களின் கடாரப் படையெடுப்பின் நிழலைப் பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மக்கெதோனியாக்காரனும் சோழனும் ஒரே பெட்டிக்குள்! இதைப் பட்டிமன்றத்தில் யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

அவனைப் பற்றிய அரபுக் கதைகளிலேயே எனக்குப் பிடித்த கடைசி ஆசை ஒன்று உண்டு. அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறான்: நான் செத்தபின் ஒரு விருந்து வை, துக்கமே அறியாதவர்கள் மட்டும் வரட்டும் என்று சொல். விருந்துக்கு ஒருவரும் வரவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. சாவு நேராத வீட்டில் கடுகு வாங்கி வா என்று புத்தர் கிசாகோதமியை அனுப்பிய கதை நினைவுக்கு வரும். இது கதை என்று சொல்லியே சொல்லலாம், கண்ணீர் குறையாது. (நிஜ அம்மா ஒலிம்பியாஸ் பாவம், அவன் செத்து ஏழே வருடத்தில் கொல்லப்பட்டாள். மனைவி ரொக்சானாவும் மகனும் அதற்குச் சில வருடத்தில். அந்தக் குடும்பத்தில் வாரிசென்று ஒருவரையும் தளபதிகள் விட்டுவைக்கவில்லை.)

கல்லிலும் காசிலும் விட்டுப்போனவை அவன் நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை, அதுதான் விசேஷம். எழுபதுக்கு மேற்பட்ட நகரம் கட்டினான் என்கிறார் புளூடார்க். ஆய்வாளர்கள் அதில் பாதியைக்கூட ஒத்துக்கொள்வதில்லை. கட்டியதில் எகிப்து அலெக்சாந்திரியா பிழைத்தது. அதன் நூலகம் அவன் கட்டியதல்ல, தாலமிகள் கட்டியது. அவன் படை பரப்பிய பேச்சுக் கிரேக்கத்தில்தான் பின்னால் புதிய ஏற்பாடு எழுதப்பட்டது. அவனுக்கு இருநூறு வருடம் கழித்து, தட்சசீலத்துக் கிரேக்கத் தூதன் ஹெலியோதோரஸ் விதிஷாவில் வாசுதேவனுக்குக் கருடத்தூண் நட்டான். அந்தத் தூண் இன்னும் நிற்கிறது. வடமேற்கில் ஆண்ட கிரேக்க அரசர்கள் ஒரு பக்கம் கிரேக்கமும் மறுபக்கம் கரோஷ்டி எழுத்தும் பொறித்த காசு அடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரின்செப் அந்தக் காசுகளை வைத்துத்தான் படிக்கத் தெரியாமல் கிடந்த எழுத்தைப் படித்தார். அப்புறம் நம் மிளகு. முசிறியில் பொன்னை இறக்கி மிளகை ஏற்றிப் போன யவனர் கலங்களைச் சங்கப் பாட்டு பேசுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் பத்திரம் ஒன்று பாப்பிரஸ் தாளில் வியன்னாவில் இருக்கிறது: முசிறிச் சரக்கு செங்கடலில் இறங்கி, பாலைவனம் கடந்து, நைல் வழியாக அலெக்சாந்திரியா கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அவன் தமிழ்நாட்டுப் பக்கமே வரவில்லை. ஆனால் அவன் ஊருக்கு நம் மூட்டை போனது.

ஆகவே என் கோரிக்கை சிறியது. மூன்று ஆசைகளைச் சொல்லியே தீர வேண்டும் என்றால், "ஒரு கதை சொல்வார்கள்" என்று ஆரம்பியுங்கள். மூன்றே சொல். பிள்ளைகள் தேர்வில் அதை எழுத மாட்டார்கள். எழுதினாலும் கதை என்று எழுதுவார்கள். முடிந்தால் கதையை மாற்றியே சொல்லுங்கள். தரையை மிதித்த துறவிகளைச் சொல்லும்போது நீங்களும் மேடைப் பலகையை இரண்டு மிதி மிதிக்கலாம். உங்களுக்கு அது கைவந்த கலை.

அந்தப் பெண்ணின் தாளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மறுநாள் பாடத்தை நிறுத்திவிட்டு 64 கழுதைகளையும் தாலமியின் திருட்டையும் வகுப்பில் சொன்னேன். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் கேட்டாள், "அப்ப இப்ப அவரு எங்க சார் இருக்காரு?" தெரியாது என்றேன். முப்பத்தோரு வருடத்தில் நான் சொன்ன பதில்களில் அந்த வகுப்பு அதைத்தான் அதிகமாக ரசித்தது. பூஜ்யத்தை அடித்துவிட்டு இரண்டு மதிப்பெண் போட்டேன், அடிக்கோடு நேராக இருந்ததற்காக.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு வரலாற்று வாத்தியார்

பி.கு.: "வந்தேன், கண்டேன், வென்றேன்" என்று சொன்னது அலெக்சாண்டர் இல்லை. ஜூலியஸ் சீசர். போன மாதம்கூட ஒருவர் மாற்றிச் சொன்னார்.